டோக்கியோ – லாஸ் ஏஞ்சலஸ்: தூரம் ஒன்றாக இருக்க, பறக்கும் நேரம் இரண்டாக இருப்பது ஏன்?

பயணக்கணக்கு எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். அலுவலகப் பயணங்களை முன்கூட்டியே திட்டமிடுவதற்காக, பெருநகரங்களுக்கு இடையிலான வான்வழித் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் ஓர் அட்டவணையாகத் தொகுத்து வருகிறேன். இணையத்தில் உள்ள தூரக் கணிப்பான்களிலிருந்து கிலோமீட்டரை எடுத்து, மணிக்கு 900 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்து, ஏறி இறங்குவதற்கென அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்வது என் வழக்கம். சுமார் 3,900 கி.மீ. உள்ள சிங்கப்பூர்–பெர்த் தடத்துக்கும், சுமார் 7,800 கி.மீ. உள்ள டோக்கியோ–சிட்னி தடத்துக்கும் இந்தக் கணக்கு விமான நிறுவனங்களின் கால அட்டவணையோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. போகும்போதும் வரும்போதும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை.

டோக்கியோ–லாஸ் ஏஞ்சலஸ் தடத்தில்தான் கணக்கு இடறுகிறது. தூரம் சுமார் 8,800 கி.மீ. என்பதால் என் முறைப்படி பத்தேகால் மணி நேரம் வரவேண்டும். ஆனால் டோக்கியோவிலிருந்து போவதற்குச் சுமார் 10 மணி நேரமும், அங்கிருந்து திரும்புவதற்குச் சுமார் பதினொன்றே முக்கால் மணி நேரமும் கால அட்டவணையில் போட்டிருக்கிறார்கள். இதே தடத்தில் பயணம் செய்தபோது, முன்னிருக்கைத் திரையில் தரைவேகம் 1,060 என்றும் வெளி வெப்பநிலை மைனஸ் 54 என்றும் காட்டியதைக் கவனித்தேன். திரும்பும் வழியில் அதே உயரத்தில், அதே வகை விமானத்தில், வேகம் 800ஐத் தாண்டவே இல்லை. இயந்திரத்தை யாரும் மெதுவாக ஓட்டியிருக்கப் போவதில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொரு ஐயமும் உண்டு. இரண்டு நகரங்களும் வட அட்சரேகை 34, 35 பாகைகளை ஒட்டியே இருக்கின்றன. அப்படியிருக்க, விமானம் நேர் கிழக்காகப் போகாமல் அலாஸ்காப் பக்கம் வளைந்து போவதுபோல் திரையிலுள்ள வரைபடம் காட்டுவது ஏன்? இது வீண் சுற்றாகாதா? இறுதியாக, என் அட்டவணையில் எந்த எண்ணை எழுதுவது?

கடல்நாரை எழுதியது:

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது அல்லவா? கிழக்கே போகும் விமானத்தைப் பூமியின் சுழற்சியும் சேர்த்துத் தள்ளுவதால்தான் அந்தப் பயணம் விரைவில் முடிகிறது என்று பள்ளியில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மேற்கே போகும்போது சுழற்சிக்கு எதிராகப் போவதால் நேரம் கூடுகிறது. வடக்கு, தெற்காகப் போகும் தடங்களில் வித்தியாசம் இல்லாததும் இதற்குப் பொருந்தித்தான் வருகிறது.

வான்தடம் எழுதியது:

கடல்நாரை சொல்வது பரவலாக நிலவும் விளக்கம்தான், ஆனால் எண்களை வைத்துப் பார்த்தால் அது நிற்காது. நிலநடுக்கோட்டில் பூமியின் பரப்பு மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே நகர்கிறது. டோக்கியோ இருக்கும் அட்சரேகையில் அது ஏறத்தாழ 1,360 கி.மீ. வளிமண்டலத்தை விட்டுவிட்டு நிலம் மட்டும் அந்த வேகத்தில் சுழல்வதாக வைத்துக்கொண்டால், மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் கிழக்கே புறப்பட்ட விமானத்தால் லாஸ் ஏஞ்சலஸை எட்டிப்பிடிக்கவே முடியாது. மேற்கே வரும் விமானத்துக்கோ டோக்கியோ தானாகவே எதிர்கொண்டு வரும், நான்கு மணி நேரத்துக்குள் பயணம் முடிந்துவிடும். உண்மையில் நடப்பது இதற்கு நேர்மாறானது. பூமியோடு சேர்ந்து காற்றும் சுழல்கிறது, அந்தக் காற்றுக்குள்தான் விமானம் பறக்கிறது. எனவே சுழற்சி நேரடியாக எந்தப் பக்கமும் தள்ளுவதில்லை.

சில ஆண்டுகள் ஒரு விமான நிறுவனத்தில் டிஸ்பாட்சராக, அதாவது ஒவ்வொரு பயணத்துக்கும் வழியையும் எரிபொருளையும் முன்கூட்டியே திட்டமிடுபவராகப் பணிபுரிந்தவன் என்ற முறையில், பயணக்கணக்கு அவர்களின் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்கிறேன்.

விமானத்துக்கு இரண்டு வேகங்கள் உண்டு. தன்னைச் சூழ்ந்த காற்றை ஊடுருவிச் செல்லும் வேகம் ஒன்று. தரையிலிருந்து அளந்தால் தெரியும் வேகம் இன்னொன்று. இயந்திரமும் இறக்கையும் அறிந்தது முதல் வேகத்தை மட்டுமே. நெடுந்தூர ஜெட் விமானங்கள் பெரும்பாலும் ஒலியின் வேகத்தில் 0.84, 0.85 பங்கில் பறக்கின்றன. பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் நிலவும் கடுங்குளிரில் அது மணிக்குச் சுமார் 900 கி.மீ. ஆகிறது. நீங்கள் வகுக்கும் 900 இதுதான். ஆனால் அந்தக் காற்றே மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தால் திரையில் 1,060 தெரியும். அதே காற்றை எதிர்த்து வந்தால் 740தான் தெரியும். திரும்பும்போது நீங்கள் பார்த்தது ஏறக்குறைய 800 என்றால், அன்றைக்கு வழியை மாற்றிக் காற்றின் கடுமையான பகுதியைத் தவிர்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

இந்தக் காற்றுக்குத்தான் ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். நிலநடுக்கோட்டுப் பக்கத்து வெப்பக் காற்றும் துருவப் பக்கத்துக் குளிர்காற்றும் சந்திக்கும் எல்லையில், ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக நெளிந்து ஓடும் குறுகலான காற்றாறு அது. அந்தக் காற்றைக் கிழக்கே திருப்பிவிடுவதில் பூமியின் சுழற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே கடல்நாரையின் பள்ளிக்கூடப் பாடத்தில் ஒரு பொறி உண்மை இருக்கிறது. சுழற்சி விமானத்தைத் தள்ளவில்லை, காற்றை ஓட வைக்கிறது. காற்று விமானத்தைத் தள்ளுகிறது.

ஜப்பானுக்கு மேலே இந்தக் காற்று உலகிலேயே மிகக் கடுமையானவற்றுள் ஒன்று. குளிர்காலத்தில் மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் போவதும் உண்டு. டோக்கியோவுக்கு வடகிழக்கே தாதெனோ என்ற இடத்தில் இருந்த வானாய்வு நிலையத்தின் தலைவர் வசபுரோ ஓய்ஷி, பலூன்களைப் பறக்கவிட்டு இதை 1920களிலேயே அளந்துவிட்டார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று 1926இல் தம் முடிவுகளை, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெரான்டோ என்ற செயற்கை மொழியில் வெளியிட்டார், அதனாலேயே வெளியுலகில் அதைக் கவனித்தவர் மிகக் குறைவு. 1944இல் ஜப்பானுக்கு மேலே உயரத்தில் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள், கணித்ததற்கு மீறிய வேகத்தில் தாங்கள் அடித்துச் செல்லப்படுவதைக் கண்டு திகைத்தன. வசபுரோ ஓய்ஷி அளந்த அதே காற்றுதான் இப்போது உங்கள் அட்டவணையையும் குழப்புகிறது.

ஒரு பயணத்துக்கான ஃப்ளைட் பிளானை, அதாவது பயணத் திட்டத் தாளை, கையில் எடுத்துப் பார்த்தால் இது தெளிவாகிவிடும். கிழக்கே போகும் விமானத்தின் தாளில், காற்றின் சராசரிப் பங்கு என்ற இடத்தில் "பி 052" என்றதுபோல் ஒரு குறி இருக்கும். சராசரியாக 52 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 96 கி.மீ. வேகத்தில், காற்று பின்னாலிருந்து உதவும் என்று அதற்குப் பொருள். திரும்பும் விமானத்தின் தாளில் "எம் 043" என்று இருக்கலாம். எம் என்றால் எதிர்காற்று. அந்தத் தாளில் தரைவழித் தூரத்துக்குப் பக்கத்திலேயே காற்றுவழித் தூரம் என்று இன்னொரு எண்ணும் அச்சாகியிருக்கும். டிஸ்பாட்சர்கள் எரிபொருளைக் கணக்கிடும்போது நம்பியிருப்பது அந்த இரண்டாவது எண்ணைத்தான்.

உங்கள் தடத்துக்கே போட்டுப் பார்ப்போம். 8,800 கி.மீ. தூரத்தை மணிக்கு 100 கி.மீ. பின்காற்றோடு கடந்தால் 8.8 மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் விமானம் காற்றுக்குள் பறந்த தூரம், அதாவது காற்றுவழித் தூரம், 7,920 கி.மீ. மட்டுமே. மணிக்கு 80 கி.மீ. எதிர்காற்றோடு திரும்பினால் ஏறக்குறைய 10.7 மணி நேரம் ஆகும். காற்றுக்குள் பறந்த தூரம் 9,650 கி.மீ.யைத் தாண்டிவிடும். நிலப்படத்தில் ஒரே தூரமாகத் தெரிவது விமானத்துக்கு இரண்டு வெவ்வேறு தூரங்கள். தூரக் கணிப்பான்கள் இந்தக் காற்றுவழித் தூரத்தைத் தருவதில்லை, தரவும் முடியாது, ஏனென்றால் அது நாளுக்கு நாள் மாறும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. போகும்போது கிடைத்த லாபம் வரும்போதுள்ள நட்டத்தோடு சரியாகக் கழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இரு திசையிலும் 100 கி.மீ. காற்று என்று வைத்தால் 8.8 மணியும் 11 மணியும் சேர்ந்து 19.8 மணி ஆகிறது. காற்றே இல்லாவிட்டால் 19.56 மணிதான். எதிர்காற்றில் கழியும் நேரம் எப்போதுமே பின்காற்றில் கழியும் நேரத்தைவிட அதிகம் என்பதால், காற்று மொத்தத்தில் கால் மணி நேரத்தை விழுங்கிவிடுகிறது.

சிட்னி, பெர்த் தடங்களில் உங்கள் கணக்கு பொருந்தியதற்கும் காரணம் இதுவே. அவை பெரும்பாலும் வடக்கு, தெற்காகச் செல்வன. ஜெட் ஸ்ட்ரீம் குறுக்கே வீசுவதால் இரு திசைக்கும் ஏறக்குறைய ஒரே விளைவுதான்.

நிலவரை எழுதியது:

வான்தடம் அவர்கள் காற்றைச் சொல்லிவிட்டார், வளைவைப் பற்றி நான் சொல்கிறேன். திரையில் தெரிவது தட்டையான படம், பூமியோ உருண்டை. ஒரு பூகோள உருண்டையில் டோக்கியோவையும் லாஸ் ஏஞ்சலஸையும் ஒரு நூலால் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள்: நூல் தானாகவே வடக்கே நழுவி, பாதி வழியில் ஏறத்தாழ 48ஆம் அட்சரேகையைத் தொட்டு, அல்யூஷியன் தீவுகளுக்குச் சற்றுத் தெற்கே படியும். இதைத்தான் பெருவட்டப் பாதை என்கிறோம். 8,800 கி.மீ. என்பது இந்தப் பாதையின் நீளம். நீங்கள் நேர்வழி என்று கருதுவதுபோல் 35ஆம் அட்சரேகையை ஒட்டியே கிழக்கே போனால் சுமார் 9,300 கி.மீ. ஆகிவிடும். வளைவாகத் தெரிவதே குறுக்குவழி. நேராகத் தெரிவதுதான் சுற்று. 1569இல் மெர்க்காட்டர் வரைந்த முறையிலான படங்கள் துருவத்தை நோக்கிப் போகப் போக நிலத்தை இழுத்துப் பெரிதாக்குவதால்தான் இந்தத் தோற்ற மயக்கம்.

ஆனாலும், விமானங்கள் இந்த நூலின் மேலேயே பறப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வட பசிபிக்கில் அன்றன்றைய காற்று முன்னறிவிப்பை வைத்து வான்தடங்களை நாள்தோறும் புதிதாக வகுக்கிறார்கள். குளிர்காலத்தில் அமெரிக்காவுக்குப் போகும் விமானங்கள் ஜெட் ஸ்ட்ரீமின் முதுகில் ஏறுவதற்காகப் பெருவட்டப் பாதையைவிடத் தெற்கே இறங்கிப் போவதும், திரும்பும் விமானங்கள் அதைத் தவிர்ப்பதற்காக அலாஸ்காவை ஒட்டி வடக்கே ஒதுங்கி வருவதும் வழக்கம். இரண்டுமே தூரத்தைக் கூட்டுபவை, நேரத்தைக் குறைப்பவை.

கடல்நாரை எழுதியது:

நான்கு மணி நேரக் கணக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், விளக்கத்துக்கு நன்றி. தூரத்தைக் கூட்டி நேரத்தைக் குறைப்பது என்பது உண்மையிலேயே கணிசமான அளவில் நடக்கிறதா, அல்லது பத்து, பதினைந்து நிமிட விவகாரம்தானா?

வான்தடம் எழுதியது:

கணிசமாகவே நடக்கிறது. தில்லி–சான் பிரான்சிஸ்கோ தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏர் இந்தியா நிறுவனம் முதலில் அட்லான்டிக் வழியாக, அதாவது மேற்கு நோக்கி, இந்தத் தடத்தில் பறந்துவந்தது. 2016 அக்டோபரில் போகும் வழியை மட்டும் பசிபிக் பக்கமாகத் திருப்பினார்கள். தூரம் ஏறத்தாழ 1,400 கி.மீ. கூடி, சுமார் 15,300 கி.மீ. ஆயிற்று. ஆனால் சுமார் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள், முந்தைய வழியைவிட இது இரண்டு மணி நேரம் அளவுக்குக் குறைவு. வகுத்துப் பார்த்தால் வழி முழுவதற்குமான சராசரித் தரைவேகம் மணிக்கு 1,050 கி.மீ.க்கு மேல் வருகிறது. திரும்புவதற்கு அட்லான்டிக் வழியையே வைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் அந்தத் திசையிலும் காற்று பின்னாலிருந்தே வீசும். ஒவ்வொரு போய்வருதலிலும் உலகை ஒரு முறை சுற்றி வந்தார்கள் என்று சொல்லலாம்.

இன்னொரு எடுத்துக்காட்டு 2020 பிப்ரவரியில் நடந்தது. சியாரா புயலின்போது நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் தரையிறங்கியது. தரைவேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கி.மீ. அளவுக்குப் போனது. ஒலியின் வேகத்தை மிஞ்சிவிட்டது என்று அப்போது சில செய்திகளில் எழுதினார்கள். காற்றுக்குள் அதன் வேகம் வழக்கமான வேகம்தான், எனவே அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

காற்றைத் தவிர வேறு காரணங்களும் தூரத்தை மாற்றுகின்றன. 2022இல் ரஷ்ய வான்பரப்பு பல நாடுகளின் விமானங்களுக்கு மூடப்பட்ட பிறகு, சைபீரியாவைக் கடந்து பன்னிரண்டு மணி நேர அளவில் முடிந்த டோக்கியோ–லண்டன் பயணம் பதினான்கு மணி நேரத்துக்கு நீண்டது. ஹெல்சின்கி–டோக்கியோ ஒன்பதரை மணியிலிருந்து பதின்மூன்று மணியை ஒட்டி வந்துவிட்டது. தூரக் கணிப்பானில் இவற்றின் கிலோமீட்டர் ஓர் எண்கூட மாறவில்லை.

இரட்டை இயந்திர விமானங்கள் ஓர் இயந்திரம் நின்றாலும் குறித்த நேரத்துக்குள் இறங்கக்கூடிய நிலையம் ஒன்று எட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்ற விதியும் கடல்வழித் தடங்களைச் சற்றே வளைக்கிறது. வட பசிபிக்கில் மிட்வே தீவும், அலாஸ்காவின் கோல்ட் பே என்ற சிற்றூரும் அப்படித்தான் திட்டத் தாள்களில் இடம்பெறுகின்றன.

பயணக்கணக்கு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. காற்றுவழித் தூரம் என்ற கருத்து எனக்குப் புதியது, இப்போது பல வரிகள் விளங்குகின்றன. இன்னும் இரண்டு செய்திகள் வேண்டும். கால அட்டவணையில் போடும் 10 மணி நேரம் என்பது எங்கிருந்து எங்கு வரை? டோக்கியோவில் மாலை 5 மணிக்குப் புறப்பட்டு, அதே நாள் காலையிலேயே லாஸ் ஏஞ்சலஸில் இறங்கியதாகச் சீட்டில் இருக்கிறதே, அதை அட்டவணையில் எப்படிக் காட்டுவது?

நிலவரை எழுதியது:

நாள் கணக்கை நான் சொல்லிவிடுகிறேன். இரண்டு நேரங்களையும் முதலில் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவாருங்கள். டோக்கியோ உலகப் பொது நேரத்துக்கு 9 மணி முன்னே, லாஸ் ஏஞ்சலஸ் குளிர்காலத்தில் 8 மணி பின்னே. இடைவெளி 17 மணி. ஜனவரி 10 மாலை 5 மணிக்குப் புறப்பட்டு 9 மணி 50 நிமிடம் பறந்தால் டோக்கியோ நேரப்படி ஜனவரி 11 அதிகாலை 2.50 ஆகிறது; 17 மணியைக் கழித்தால் லாஸ் ஏஞ்சலஸில் ஜனவரி 10 காலை 9.50. சர்வதேச தேதிக் கோட்டைத் தாண்டியதால் ஒரு நாள் திரும்பக் கிடைத்தது, அவ்வளவே. எதிர்த்திசையில் அந்த நாளைக் கொடுத்துவிட வேண்டும்: அங்கே ஜனவரி 10 காலை 11 மணிக்கு ஏறி 12 மணி நேரம் பறந்தால் டோக்கியோவில் ஜனவரி 11 மாலை 4 மணி.

மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கலிபோர்னியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்துக்கொள்கிறார்கள், ஜப்பானில் அந்த வழக்கம் இல்லை. அந்த மாதங்களில் 16 மணியைக் கழிக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் இணைப்பு விமானத்தைத் தவறவிடுபவர்கள் உண்டு.

வான்தடம் எழுதியது:

கால அட்டவணையில் இருப்பது பிளாக் டைம். கதவை மூடி நிறுத்தத்திலிருந்து பின்னோக்கித் தள்ளுவது முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் நிறுத்தத்தில் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைப்பது வரையிலான நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், வரிசையில் காத்திருப்பதும், இறங்கிய பிறகு நிலையம் வரை ஊர்வதும் அதில் அடக்கம். பெரிய நிலையங்களில் இதற்கு மட்டுமே அரை மணிக்கு மேல் போய்விடும் என்பதால், நீங்கள் கூட்டும் அரை மணி போதாது, முக்கால் மணியாக வைத்துக்கொள்ளுங்கள். லண்டன், நியூயார்க் போன்ற நெரிசலான இடங்களுக்கு ஒரு மணி நேரம் வைத்தாலும் தவறில்லை.

விமான நிறுவனங்கள் இந்த எண்ணை ஆண்டுக்கு இரு பருவங்களாகப் பிரித்து நிர்ணயிக்கின்றன. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு முந்தைய நாள் வரை கோடைக்கால அட்டவணை, மீதி குளிர்காலம். ஜெட் ஸ்ட்ரீம் குளிர்காலத்தில் வலுத்தும் கோடையில் தளர்ந்து வடக்கே ஒதுங்கியும் இருப்பதால், கிழக்கே போகும் பயணம் குளிர்காலத்தில் குறைவாகவும் மேற்கே வருவது கூடுதலாகவும் போடப்பட்டிருக்கும். பல ஆண்டு அனுபவத்தில் பெரும்பாலான நாள்களில் நேரத்தோடு சேரும்படி சற்று இடம்விட்டே போடுவார்கள். அரை மணி முன்னதாகவே தரையிறங்கி, நிறுத்தம் காலியாகவில்லை என்று உட்கார வைத்துவிடும் அனுபவத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆகவே தூரத்துக்கு ஒரே நிரலை வைத்துக்கொண்டு, நேரத்துக்கு மட்டும் நான்கு நிரல்களை வைத்துக்கொள்வதே சரி: இரு திசைகள், இரு பருவங்கள். நேரடிச் சேவை உள்ள தடங்களுக்கு அந்த நான்கையும் நடப்புக் கால அட்டவணையிலிருந்தே எடுத்து எழுதுங்கள், கணக்குப் போடவே வேண்டாம். நேரடிச் சேவை இல்லாத நகரங்களுக்குக் கணக்குப் போட்டே தீரவேண்டும் என்றால், மித அட்சரேகைகளில் கிழக்கே போகும் நெடும்பயணத்துக்கு 960ஆலும், மேற்கே வருவதற்கு 820ஆலும் வகுத்து முக்கால் மணி கூட்டுங்கள். டோக்கியோ–லாஸ் ஏஞ்சலஸுக்கு இப்படிப் போட்டால் போக ஏறக்குறைய 9 மணி 55 நிமிடமும் திரும்ப பதினொன்றரை மணி நேரமும் வரும். வடக்கு, தெற்குத் தடங்களுக்கும் நிலநடுக்கோட்டை ஒட்டிய தடங்களுக்கும் உங்கள் பழைய 900ஐ மாற்ற வேண்டிய தேவையில்லை.